பழைய ரிவால்வர் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்க ஏலத்தில் ‘அசல் கோல்ட் நேவி 1851’ என்று சொல்லி 1,800 டாலர் வாங்கினார்கள். ஃப்ரேம் பித்தளை, குழல் நுனிவரை எட்டுப்பட்டை. இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். நினைக்கவே வயிறு எரிகிறது. அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் செய்த ரிவால்வரான கோல்ட் நேவியின் ஃப்ரேம் இரும்பு; பித்தளை இருப்பது விசைக்காப்பிலும் கைப்பிடிப் பட்டையிலும்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக்குத் திண்டாடிய தென்மாநிலப் பட்டறைகள்தான் ஃப்ரேமையே பித்தளையில் வார்த்தன. ஜார்ஜியாவின் கிரிஸ்வால்டு-கன்னிசன் பட்டறை 1862 முதல் 1864 வரை சுமார் 3,700 செய்தது. அதன் குழல் முன்பக்கம் உருண்டை. பித்தளை ஃப்ரேமில் எட்டுப்பட்டைக் குழல் என்றால் அநேகமாக அது நம் காலத்து இத்தாலியப் பிரதி. சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். அது இத்தாலியச் சோதனைச்சாலையின் ஆண்டுக்குறி. ‘ஏஏ’ என்றால் 1975. அரைத்து அழித்திருந்தால் அந்த இடம் குழிந்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடைவெளி தெரியும். படங்களையும் ஏலப் பட்டியலின் வாசகத்தையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் இன்றே எழுதுங்கள்.

கேள்வி: ‘கோல்ட் பிரெவெதே’ என்று பொறித்த ஒன்று கிடைக்கிறது. போலி என்கிறார் கடைக்காரர்.

பதில்: இப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பிரெவெதே என்றால் பிரெஞ்சில் ‘காப்புரிமை பெற்றது’. பெல்ஜியத்தின் லியேஜ் பட்டறைகள் கோல்ட்டின் காலத்திலேயே செய்த பிரதி இது. சிலர் கோல்ட்டிடம் உரிமம் வாங்கியே செய்தார்கள். குண்டு அடைக்கும் சுழல் உருளையான சிலிண்டரில் நீள்வட்டத்துக்குள் ‘ஈஎல்ஜி’ என்ற லியேஜ் சோதனை முத்திரை, அதன்கீழ் நட்சத்திரம் இருக்க வேண்டும். மேலே கிரீடமும் இருந்தால் அந்த முத்திரை 1893 அல்லது அதற்குப் பிந்தியது. பிரதியைப் பிரதி என்று சொல்லி விற்பதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த முத்திரையைத் தேய்த்து, குழலில் கோல்ட்டின் நியூயார்க் முகவரியை அடித்து, கோல்ட் விலை கேட்பதுதான் களவு. நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன்: சிலிண்டரில் நகம் இறங்கும் அளவுக்கு ஒரு தேய்மானம், அதை மட்டும் தடவிப் பார்க்கவில்லை. உங்கள் கடைக்காரர் லியேஜ் விலை சொன்னால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: கூடாது. சிலிண்டரில் உருட்டிப் பதித்த கடற்போர்ச் சித்திரம் முதல் தேய்ப்பிலேயே போய்விடும். மெல்லிய எண்ணெய் போதும்.

கேள்வி: படத்தைப் பார்த்து வாங்கினேன். சிலிண்டர் எண் வேறு, ஃப்ரேம் எண் வேறு. பணம் திரும்புமா?

பதில்: எல்லா எண்களும் ஒன்று என்று விற்றவர் எழுதித் தந்திருந்தால் திரும்பும். நீங்களோ கேட்கவே இல்லை. எத்தனை முறைதான் எழுதுவது? பணம் கட்டும் முன் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மரக்குச்சியை விட்டு ஆழம் அளக்க வேண்டும். நூறாண்டுக்கு முன் அடைத்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். ஓர் அறையில் ஆழம் குறைந்தாலும் நிறுத்திவிட்டுத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். காலி என்று உறுதியானபின் துப்பாக்கியின் சுத்தியலைப் பாதி ஏற்றி, குழலைப் பிடித்திருக்கும் ஆப்பை மரக்கொட்டாப்புளியால் தட்டி, குழலை முன்னால் இழுத்தால் வந்துவிடும். குழல், ஃப்ரேம், விசைக்காப்பு, கைப்பிடிப் பட்டையில் முழு எண் ஒன்றாக இருக்கட்டும். சிலிண்டரிலும் ஆப்பிலும் கடைசி இலக்கங்கள் மட்டும் இருந்தாலும் சரிதான்.