நோயாளியையும் பார்க்க வேண்டும், ஆய்வும் செய்ய வேண்டும்: வழி என்ன?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறாள். இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியாவுக்குச் சிகிச்சை தருவதோடு அதன் மரபணுவையும் ஆராய ஆசைப்படுகிறாள். எம்.டி. முடித்ததும் பிஎச்.டி. சேர்ந்தால் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஹவுஸ் சர்ஜன் முடிந்ததும் பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. அதன்பின் நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்பு நுழைவுத் தேர்வு எழுதி, இரத்தவியலில் மூன்றாண்டு டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு. பிஎச்.டி.யை அதற்கப்புறம் வைத்துக்கொள்வதே நல்லது என்போம். மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வீங்கிய முழங்கால்களை வார்டில் வருடக்கணக்கில் பார்த்தவருக்குத்தான் ஆராயத் தகுந்த கேள்வி கையில் இருக்கும். முன்பே போனால் வழிகாட்டியின் கேள்வியை வாங்கிக்கொண்டு வருவார்.

வேலையில் சேரும்போது வாரத்தில் எத்தனை நாள் ஆய்வுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஓ.பி. முடிந்தபின் லேபுக்குப் போகலாம் என்ற ஏற்பாடு நிலைப்பதில்லை.

சோதனைகளை அவரே கையால் செய்து பழக வேண்டும். இரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில், உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருந்தால் இரத்தம் 2.7 மில்லி சேர வேண்டும். பாதிதான் நிரம்பினால் மிஞ்சிய சிட்ரேட், உறையச் செய்வதற்காகச் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; உறையும் நேரம் நீண்டு, இரத்தம் உறைய உதவும் புரதமான ஃபேக்டர் 8 குறைவாகத் தெரியும். காய்ச்சலிலோ அழுகையிலோ எடுத்தால் நேர்மாறாக அளவு கூடி, லேசான ஹீமோபிலியா மறைந்துவிடும். குளிரில் உறைய வைத்த பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதி) 37 டிகிரி நீரில் சட்டென்று உருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் மெதுவாக உருகவிட்டால் ஃபேக்டர் 8 வீழ்படிவாக அடியில் தங்கும். இரத்த வங்கியில் ஃபேக்டர் 8 செறிந்த கிரையோ தயாரிப்பதே இந்த முறையில்தான்.

மரபணுச் சோதனையில் பலர் சறுக்குவது ஓரிடத்தில். ஃபேக்டர் 8 குறைவால் வரும் ஹீமோபிலியா ஏ கடுமையாக உள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு ஃபேக்டர் 8க்கான எஃப்8 மரபணுவின் 22ஆம் இன்ட்ரான் என்ற இடைப்பகுதியில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும். டி.என்.ஏ. எழுத்து எதுவும் தொலையாததால், மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் சிறு சிறு துண்டுகளாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை குறையில்லை என்றே சொல்லும். அதை நம்பினால் தாய்க்கும் சகோதரிக்கும் நோயைக் கடத்துபவரா என்று பார்க்கும் கேரியர் சோதனை செய்ய வழியில்லாமல் போகும். ஆகவே முதலில் 22ஆம், 1ஆம் இன்ட்ரான்களுக்கான தலைகீழ்ச் சோதனை, பிறகுதான் மரபணுவின் முழு எழுத்து வரிசையைப் படிப்பது. மருத்துவமும் மரபணுவும் தெரிந்தவருக்கு, குறையில்லை என்ற அந்த எக்ஸோம் அறிக்கையைப் பார்த்ததுமே சந்தேகம் வரும்.

கேள்வி: வேலூரில் ஹீமோபிலியாவுக்கு ஜீன் சிகிச்சை வெற்றி என்கிறார்களே, இனி இதில் ஆராய என்ன மிச்சம்?
– வாசகர், மதுரை

பதில்: நிறைய. வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேரின், இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவைச் சுமந்து செல்லும்படி மாற்றிய லென்டிவைரஸ் மூலம் ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்து, கீமோவுக்குப் பிறகு திரும்பச் செலுத்தினார்கள். செல்கள் வேரூன்றியபின் ஐவருக்கும் இரத்தக்கசிவு இல்லை. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஆனால் லென்டிவைரஸ் நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே போய் உட்காரும். எங்கே உட்கார்ந்தது, அந்தச் செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறதா என்று தொடர்ந்து பார்த்தாக வேண்டும். இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டு வரை கண்காணிக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதே நோயாளியை ஓ.பி.யில் பரிசோதித்து, புது மரபணு டி.என்.ஏ.வில் எங்கே செருகியது என்று காட்டும் அதே இரத்தத்தின் செருகிட அறிக்கையையும் படித்துப் புரிந்துகொள்ளும் மருத்துவர்கள் அத்தனை ஆண்டுக்கும் தேவை. கீமோ தாங்காத உடலுக்கும் சிறு குழந்தைகளுக்கும் என்ன செய்வது என்பதும் அவர்கள் முன்னுள்ள வேலைதான்.