யோசனையிலிருந்து சந்தை வரை: பேக்கேஜிங் திட்டத்தில் எது முதலில், எது பிறகு?

புதுத் திரவப் பொருளுக்குப் பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் புதிதாகச் செய்கிறீர்கள். எந்த வரிசையில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியீட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மோல்டு (பாட்டிலை வார்க்கும் அச்சு) செய்யப் பொதுவாக 8 முதல் 16 வாரம் ஆகும். பொருளும் பாட்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று 40 டிகிரியில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு வழக்கமாக 3 மாதம். அட்டவணையை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. மற்றவற்றை இவற்றுக்கு இடையில் நுழைத்துவிடலாம்.

தேவைக் குறிப்பில் (பேக்கேஜிங்கிலிருந்து என்ன வேண்டும் என்று எழுதிவைப்பது) எண்கள் இருக்க வேண்டும்: நிரப்பும் அளவு, நிரப்பும்போது வெப்பநிலை, பொருளின் ஆயுட்காலம், நிமிடத்துக்கு எத்தனை பாட்டில், பேலட் (பெட்டிகளை அடுக்கி ஏற்றும் பலகை மேடை) அளவு. சூடாக நிரப்பும் பொருள் என்பதை யாரும் எழுதாமல் விட்டால், சாதாரண பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் 75 டிகிரியை நெருங்கும்போதே இளகி உருக்குலையும்.

பலர் சறுக்குவது சோதனையில்தான். தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கசியவில்லை என்று முடிவு கட்டுவது வீண் வேலை. சோப்புத் திரவம் பாலிஎத்திலீன் பாட்டிலில், அழுத்தம் தேங்கும் அடிமூலையிலும் கைப்பிடி ஓரத்திலும், வாரக்கணக்கில் மெல்ல விரிசல் உண்டாக்கும். உண்மையான பொருளை நிரப்பித்தான் வைக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் (3டி பிரிண்டரில்) எடுத்த மாதிரி பாட்டில் கைப்பிடிப்புக்கும் வடிவத்துக்கும் சரி. பிளாஸ்டிக்கே வேறு என்பதால் இந்தச் சோதனைக்கு உதவாது. முழு மோல்டுக்குப் பணம் கட்டுமுன் ஒற்றைக் குழி மோல்டில் (ஒரு தடவைக்கு ஒரு பாட்டில் மட்டும் தருவது) எடுத்த பாட்டில்களை வைத்தே சோதித்துவிடுங்கள். பொருளின் ஃபார்முலா அதற்குப் பிறகு மாறினால் சோதனை மீண்டும் முதலிலிருந்து. சந்தைப் பிரிவுக்கு இதை எழுத்தில் சொல்லிவையுங்கள்.

மூடியைத் திறக்கத் தேவைப்படும் டார்க்கை (திருகு விசையை), இறுக்கிய உடனேயும் 24 மணி நேரம் கழித்தும் அளக்க வேண்டும். பிளாஸ்டிக் தளர்வதால் இரண்டாவது எண் குறையும். வழியில் கசியுமா என்பதை அதுதான் காட்டும். பாட்டிலைப் படுக்கவைத்தும் பாருங்கள்.

லேபிள் ஆர்ட்வொர்க்கை, மோல்டிலிருந்து வந்த பாட்டிலை அளந்த பிறகே இறுதி செய்யுங்கள். இஏஎன்-13 பார்கோடை (கடையில் ஸ்கேன் செய்யும் 13 இலக்கக் குறியீடு) அதன் நிலையான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. வளைந்த சிறிய பாட்டிலில் கோடுகள் ஏணிப்படிபோலக் கிடக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்கேனர் திணறும்.

அட்டைப்பெட்டி ஈரப்பதத்தில் வலுவிழக்கும். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் அடுக்குச் சோதனையை ஈரமான அறையிலும் செய்யுங்கள்.

ஃபில்லிங் லைன் ஓட்டத்தை 50 பாட்டிலோடு நிறுத்தாமல், முழு வேகத்தில் குறைந்தது ஒரு ஷிஃப்ட் ஓட்டுங்கள். லேபிள் கோணலாவதும் பாட்டில் சாய்வதும் வேகத்தில்தான் தெரியும்.