அரை கிளாஸ் பீருக்கே முகம் சிவந்தால்? கேள்வி பதில்

கே: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். கூட இருக்கும் ஜப்பானிய நண்பருக்கு அரை கிளாஸ் பீருக்கே முகம் சிவந்துவிடுகிறது. அலர்ஜியா டாக்டர்?

ப: அலர்ஜி இல்லை. கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும். அதை உடனே அசிட்டேட்டாக்கி வெளியேற்ற வழி செய்வது ஏஎல்டிஎச்2 என்ற நொதி. சீனா, ஜப்பான், கொரியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நொதி பிறவியிலேயே மந்தம். நச்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும்.

கே: அப்படியானால் அவர் குடிக்கு அடிமையாக மாட்டார், இல்லையா?

ப: அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் நொதியை மந்தமாக்கும் மரபணு வந்திருந்தால், கிட்டத்தட்ட ஆமாம். குடிநோய்க்கு நாங்கள் எழுதித் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை முடக்குவதும் இதே நொதியைத்தான். அவர்கள் அந்த மாத்திரையோடு பிறந்தவர்கள் என்று வையுங்கள்.

ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால்தான் சிக்கல். கஷ்டப்பட்டாவது குடிக்க முடியும். ஜப்பானியக் குடிநோயாளிகளில் இப்படிப்பட்டவர்கள் 1979இல் 2.5 சதவீதம், 1992இல் 13 சதவீதம். பதின்மூன்று வருடத்தில் மரபணு மாறாது. சுற்றியிருப்பவர்கள் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம்தான் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு.

கே: இப்போதெல்லாம் முன்பு போலச் சிவப்பதில்லை, பழகிவிட்டது என்கிறாரே?

ப: சிவப்புதான் குறைந்திருக்கிறது, நொதி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு அதிகம் பயம் இவரைப் பற்றித்தான். அசிட்டால்டிஹைடு டிஎன்ஏவைச் சிதைக்கும், எச்சிலிலும் சேரும். தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால்தான் அங்குள்ள மருத்துவர்கள் “இப்போது சிவக்கிறதா?” என்பதோடு நிறுத்தாமல், “குடிக்க ஆரம்பித்த முதல் ஓரிரு வருடம் சிவந்ததா?” என்றும் கேட்கிறார்கள்.

கே: அசிடிட்டி மாத்திரை போட்டால் சிவக்காதாமே?

ப: ஃபமோடிடினைச் சொல்கிறீர்கள். முகச் சிவப்பை மறைக்கும், நச்சைத் தொடாது. வேண்டாம். சிவக்கவில்லையே என்று இன்னும் இரண்டு கிளாஸ் உள்ளே போகும்.

கே: நான் மதுரைக்காரன். எனக்குச் சிவப்பதே இல்லை. தப்பித்தேனா?

ப: அந்த மரபணு மாற்றம் நம்மிடம் மிக அரிது, சரி. ஆனால் அசிட்டால்டிஹைடு உங்கள் உடம்பிலும் உண்டாகிறது. என்ன, சீக்கிரம் கழிகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988லேயே, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது, சிவப்பவர் சிவக்காதவர் என்று பிரித்து அல்ல. கூடவே சிகரெட்டோ புகையிலையோ உண்டென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள், பதில் நீளும்.