நண்பர் வீட்டுக்கு வரும் புத்தகம்

கேள்வி: தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஃபிளை (தூண்டில் முள்ளில் இறகை நூலால் கட்டிச் செய்யும் போலி இரை) தூண்டில் போடுகிறேன். ஃபிளை கட்டக் கற்றுத்தரும் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். நண்பர் வீட்டு முகவரிக்கு வருகிறது. இறகுகளை ஆன்லைனில் வாங்குகிறேன். கட்டியது நாலு வீச்சில் பிரிந்துவிடுகிறது. சந்தாவைப் புதுப்பிக்கலாமா? மனைவி வளர்க்கும் நாட்டுச்சேவலின் இறகு உதவுமா?
– வாசகர், கருங்கல்

பதில்: சந்தா கிடக்கட்டும் தம்பி. புத்தகம் ஏன் நண்பர் வீட்டுக்கு வருகிறது? வீட்டுக்காரிக்குத் தெரியாமல் செலவழிப்பது பத்து ரூபாயானாலும் களவுதான். அதற்கு நண்பரையும் கூட்டுச் சேர்த்திருக்கிறீர்கள்.

சேவல் இறகு தாராளமாக உதவும். நம் நாட்டுச்சேவலின் இறகு ஈரம் குடிக்கும். மிதக்கும் ஃபிளைக்கு ஆகாது, சிறுமீன்போல மூழ்கி ஓடும் ‘டிசீவர்’ வகை ஃபிளைக்கு அதுவே போதும். ஒன்றுக்கு 6 முதல் 8 இறகு. சேவல் அறுக்கும் அன்று, வெந்நீரில் முக்குவதற்கு முன்பே கழுத்து இறகைப் பிடுங்க வேண்டும். சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டை போட்டு வையுங்கள். ஆனால் இதற்கு அவளிடம் வாய் திறந்து கேட்க வேண்டுமே! முற்றத்தில் நிற்கும் இறகுக்கு ஆன்லைனில் காசு போவது அதனால்தான்.

பிரிவதற்குக் காரணம் அடித்தளம் இல்லாமை. வெறும் முள்ளில் இறகு வழுக்கிச் சுழலும். முதலில் நூலை நெருக்கமாகச் சுற்றித் தளம் போடுங்கள். முள்ளின் கண்ணுக்கு, அதாவது நரம்பு கோக்கும் துளைக்கு, பின்னால் 3 மில்லிமீட்டர் வெறுமையாக விடாவிட்டால், தலை முடிச்சுக்கு இடமிருக்காது. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். நூலை முடிக்கும் ‘விப் ஃபினிஷ்’ முடிச்சு ஐந்தாறு சுற்று, மேலே இரண்டு பூச்சு நகப்பாலிஷ். உப்புத்தண்ணீருக்கு 1/0 ஸ்டெயின்லெஸ் முள்.

இனி இதழ். அவற்றில் பெரும்பகுதி குளிர்நீர் டிரவுட் மீனுக்கான 14, 16 எண் பொடி முள். ஊட்டி, மூணாறுக்காரருக்கு ஆகும். கொடுவாவும் பாரையும் தேடுகிற உங்களுக்கு எதற்கு? சந்தாவை நிறுத்துங்கள். கடல்மீன் ஃபிளை வரும் இதழை மட்டும், உள்ளடக்கம் பார்த்துத் தனியாக வாங்குங்கள். எதன்மேல் எதைக் கட்டுவது என்று படிப்படியாகப் படம் இருக்க வேண்டும். கட்டி முடித்த ஃபிளையின் அழகுப் படம் காசுக்குக் கேடு. வாங்குவது உங்கள் வீட்டு முகவரிக்கு வரட்டும், அவள் கையாலேயே வாங்கட்டும்.

பழைய சால்மன் ஃபிளைக் குறிப்புகளில் ‘ஜங்கிள் காக்’ கழுத்து இறகு கேட்பார்கள். அது நம் மலைக்காட்டுக் காட்டுக்கோழிதான். அதைப் பிடிப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேச்சிப்பாறைப் பக்கம் யாராவது கொண்டுவந்து நீட்டினால், கை நீட்டாதீர்கள்.