முதலில் லைன், அப்புறம்தான் போன்

சுங்கை சிப்புட் டவுனில் கைப்பேசி பழுதுபார்க்கும் அண்ணன் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: அண்ணே, நாங்கள் லிந்தாங் சாலையில் உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். அவருக்கு 900 வெள்ளிக்குள் ஒரு டச் போன் வாங்க வேண்டும். நான் சாம்சுங் என்கிறேன், தம்பி ரெட்மி என்கிறான். லைனுக்கும் சண்டை. வீட்டுக்காரர் மேக்சிஸ் என்கிறார், தம்பி செல்கோம்டிஜி என்கிறான். எது நல்லது?
— தோட்டத்து வாசகி

பதில்: தங்கச்சி, டவுனில் இருப்பவர்களுக்கு எந்த லைனும் ஓடும். அவர்கள் போனைப் பார்த்து வாங்கலாம். உங்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் முதலில் லைனை முடிவு செய்யுங்கள். என் மேசைக்கு வரும் போன்களில் பாதி கெட்டுப்போன போனே இல்லை. லைன் கிடைக்காத இடத்தில் வைத்துக்கொண்டு போனைத் திட்டுகிறார்கள். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று வருவதும் பல நேரம் இதனால்தான். கோபுரம் தூரத்தில் இருந்தால் போன் முழுச் சக்தியையும் போட்டு அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

எந்த லைன் என்பதை நான் இங்கிருந்து சொன்னால் அது பொய்யாகிவிடும். லிந்தாங் பக்கம் மலை இருக்கிறது. சாலை வளைவில் நிற்கும்போது நன்றாகக் கிடைக்கும் லைன், லயத்து வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வந்ததும் காணாமல் போகும். அதனால் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் இரண்டு சிம் போடுகிற போன் ஒன்று இருக்குமே, அதில் இப்போதுள்ள சிம்மோடு மற்ற கம்பெனியின் ப்ரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கிப் போடுங்கள். ஒரு வாரம் பாருங்கள். அடுப்படியில், அம்மா படுக்கிற அறையில், அப்புறம் அவர் வேலை செய்யும் இடத்தில். முக்கியமாக இரவு 8 மணிக்கு மேல் பாருங்கள். எல்லோரும் வீடு திரும்பி வீடியோ பார்க்கிற நேரம் அதுதான். பகலில் பறக்கிற லைன் அப்போது படுத்துவிடும்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. நேராகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடுங்கள். அதுதான் சோதனை.

இதற்கு நடுவில் ரெட்ஒன், டியூன் டாக் போன்ற பெயர்களும் காதில் விழும். அவர்களுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது, பெரிய கம்பெனியின் கோபுரத்தில்தான் ஓடுகிறார்கள். எந்தக் கோபுரம் என்று கேட்டுவிட்டு வாங்கினால் மாதம் சில வெள்ளி மிச்சமாகும். அதேபோல செல்கோமும் டிஜியும் 2022 கடைசியில் ஒரே கம்பெனியாகிவிட்டன. உங்கள் வீட்டுக்காரர் பழைய நினைவில் ‘டிஜி அங்கே கிடைக்காது’ என்று சொன்னால், இன்றைய சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

5ஜிக்காக அலைய வேண்டாம். நம் நாட்டு 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வருகிறது. வேகம் அதிகம், ஆனால் தூரம் போகாது, சுவரையும் மரத்தையும் தாண்டச் சிரமப்படும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். நீங்கள் வாங்கும் போன் அதையும் பிடிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

ஆனால் ஒன்றை விடவே கூடாது. 2021 கடைசியோடு நம் நாட்டில் 3ஜியை மூடிவிட்டார்கள். இப்போது பேச்சு போவது 4ஜி வழியாக, அதற்கு போனில் வோல்ட்டி (VoLTE) என்ற வசதி வேண்டும். அது இல்லாத போன், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் பழைய 2ஜிக்கு இறங்கும். அழைப்பு போக நேரமாகும், பேசும்போது இணையம் நின்றுவிடும். பசார் மாலத்தில் மலிவாகக் கிடைக்கும் ஏபி செட்டுகளில் (போன் கம்பெனி வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியானவை) சிலவற்றுக்கு நம் ஊர் லைனில் வோல்ட்டி வேலை செய்வதில்லை. 100 வெள்ளி குறைவு என்று அதை வாங்காதீர்கள். மலேசிய செட்டாக, நம் நாட்டுத் தரச் சான்றான சிரிம் உள்ளதாக வாங்குங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். தகரக் கூரைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

இனி போன். அம்மாவின் கையை நினைத்துப் பாருங்கள். வியர்வை, மழை ஈரம், விரலில் காய்ப்பு. இந்தத் திரைகள் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை, விரலின் மின் தொடுகையை உணர்ந்துதான் வேலை செய்கின்றன. தண்ணீர்த் துளி விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக் குழம்பும், காய்த்த விரலைச் சில நேரம் உணரவே உணராது. அதனால் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்சுங்கில் தொடு உணர்வைக் கூட்டும் அமைப்பு ஒன்று உண்டு, அதைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் போனை வெளியே வெயிலுக்கு எடுத்து வாருங்கள். கடைக்குள் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். கடைக்காரர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

சாம்சுங் ஏ16 உங்கள் பணத்துக்குள் வந்தால் நான் அதைத்தான் சொல்வேன். 2024ல் வந்த அந்த மாடலுக்கு 6 ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக சாம்சுங் சொல்லியிருக்கிறது. அந்த விலையில் அது பெரிய விஷயம். ரெட்மியும் நல்ல போன்தான், சார்ஜ் சீக்கிரம் ஏறும். ஆனால் அதில் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்பது மாடலுக்கு மாடல் மாறும், கேட்டு வாங்க வேண்டும். ஏ16 தூறலைத் தாங்கும், தண்ணீரில் விழுந்தால் தாங்காது. ரப்பர் உறை ஒன்று போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: தம்பி, பேத்தி பல்கலைக்கழகம் போகிறாள். ஐபோன்தான் வேண்டும் என்கிறாள். ஒரு கடையில் பழைய ஐபோன் எக்ஸ்ஆர் இருக்கிறது. அதே விலைக்குப் புது ஆண்ட்ராய்டு கிடைக்கும். எதை வாங்கலாம்?
— தோட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணி

பதில்: ஐயா, எக்ஸ்ஆர் வேண்டாம். அது 2018ல் வந்தது. 2025ல் வந்த ஐஓஎஸ் 26 மென்பொருள் அதற்குக் கிடைக்கவில்லை. ஐபோன் 11க்குக் கிடைத்தது. எக்ஸ்ஆர் இன்று வேலை செய்யும், ஆனால் அவள் படித்து முடிப்பதற்குள் வங்கிச் செயலி ஒவ்வொன்றாக ‘உங்கள் போன் பழையது’ என்று சொல்ல ஆரம்பிக்கும். எக்ஸ்ஆரில் 5ஜியும் இல்லை. அவள் போகிற ஊரில் 5ஜி இருக்கும்.

பிள்ளை ஆசைப்படுவதில் தப்பில்லை. ஐபோனைப் பல வருடம் வைத்துக்கொள்ளலாம், விற்றாலும் விலை போகும். வாங்குவதானால் 13 அல்லது அதற்குப் பிந்தியது. பழையதாக இருந்தால் அமைப்புக்குள் போய்ப் பேட்டரி நலத்தைப் பாருங்கள். 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். முந்தைய சொந்தக்காரரின் கணக்கு அதிலிருந்து முழுக்க நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கணக்குப் பூட்டோடு வந்த போனை என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களால் திறக்க முடியாது. அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: 24 மாத ஒப்பந்தம் போட்டால் போன் ‘இலவசம்’ என்கிறார்களே, லாபமா?
— கோல கங்சார் வாசகர்

பதில்: தாளில் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு மாதம் 80 வெள்ளி என்றால் 24 மாதத்துக்கு 1,920. அதற்கு மேல் 6 விழுக்காடு சேவை வரி, 115 வெள்ளி 20 காசு. உங்களுக்கு மாதம் 35 வெள்ளி ப்ரீபெய்ட் போதும் என்றால் 24 மாதத்துக்கு 840தான். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம், அதுதான் அந்த ‘இலவச’ போனின் விலை. கடையில் அந்த போன் 900க்குக் கிடைத்தால் ரொக்கமாக வாங்குங்கள். இடையில் விலகினால் அபராதமும் உண்டு. தோட்ட வேலையில் மழைக்காலத்தில் சம்பளம் குறையும், பில் குறையாது.

கேள்வி: நான் கம்பெனி மாற வேண்டும். எண் மட்டும் அதே வேண்டும். ஆனால் அது போன வருடம் காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி இங்கே 2008லிருந்து இருக்கிறது. ஆனால் பதிவிலுள்ள பெயரும் மாறுகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் முதலில் இப்போதுள்ள கம்பெனியின் சேவை மையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள். உங்கள் மைகார்ட், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நீங்கள் அவர் பிள்ளை என்று காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பில் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ரகசியக் குறியீடுகள் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ப்ரீபெய்ட் என்றால், பெயர் மாறும் வரை காலாவதியாகாமல் ரீலோட் போட்டுக்கொண்டே இருங்கள். காலாவதியானால் அப்பாவின் எண் வேறு யாருக்காவது போய்விடும்.