“நல்லாயிருக்கு” என்றதும் மருமகன் முகம் ஏன் வாடியது?

கேள்வி: என் அண்ணனின் மகன் வவுனியாவில் படிக்கிறான். விடுமுறையில் வந்தவன், தான் செய்துகொண்டிருக்கும் வீடியோ விளையாட்டை என் போனில் ஏற்றித் தந்து, “மாமி, உள்ளதைச் சொல்லுங்கோ” என்றான். குளத்துத் தண்ணீரை வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பிரித்துவிட வேண்டும். வயலெல்லாம் வெறும் பச்சைப் பெட்டி, மனிதன் என்று ஒரு குச்சி. எனக்கு இரண்டு நிமிடத்தில் அலுத்துவிட்டது. மனம் நோகக்கூடாதே என்று “நல்லாயிருக்கு” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. இப்போது யாரோ ஒருவர் 35,000 ரூபாவுக்கு அதைச் சோதித்து அறிக்கை தருவாராம். கொடுக்கலாமா? நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அந்த 35,000 ரூபாவை எடுத்த இடத்திலேயே வையுங்கள். அந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மருமகன் உங்களிடம் தந்தது முடிந்த விளையாட்டு அல்ல. புரோட்டோடைப் என்பார்கள், முதல் மாதிரி. வீடு கட்ட முன்னர் நிலத்தில் கயிறு பிடித்துக் குறி போடுவோமே, அந்தக் கட்டம். அறை காணுமா, வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கிற நேரத்தில் சுவருக்கு என்ன பெயின்ற் என்று யாரும் கேட்பதில்லை. பச்சைப் பெட்டியும் குச்சி மனிதனும் சோம்பலில் வந்தவை அல்ல. நாளைக்குத் தூக்கி எறிய வேண்டி வரலாம் என்று தெரிந்துதான் மலிவாகச் செய்திருக்கிறான். தண்ணீரைப் பிரித்துவிடுவதில் விளையாடுகிறவருக்கு ஒரு பிடிப்பு வருகிறதா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். “நல்லாயிருக்கு” என்பதில் அதற்கு விடை இல்லை.

விடை உங்களிடம் இருந்தது. இரண்டு நிமிடத்தில் அலுத்தது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவனிடம் சொல்லவில்லை. அதையும் மொட்டையாக “அலுப்பு” என்று சொல்லாமல், அந்த இரண்டாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். “முதல் வயலுக்குத் தண்ணீர் போனது. இரண்டாவதுக்கு விடத் துருசை, அதுதான் வாய்க்கால் மதகை, தட்டினேன், அசையவில்லை. மூன்று தரம் தட்டினேன். பிறகு போனை வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனேன்.” இப்படி ஏதாவது. இதில் புகழ்ச்சியும் இல்லை, திட்டும் இல்லை. உங்களுக்கு நடந்ததை இல்லையென்று அவனால் வாதாடவும் முடியாது.

இரணைமடுக் குளத்துப் பக்கத்துப் பொடியன் ஒருவனும் இதேபோல் ஒரு வாய்க்கால் விளையாட்டுச் செய்தான். (இந்த மண்ணில் பிறந்ததுகளுக்குக் கனவிலும் குளம்தான்.) காலபோகமும் சிறுபோகமுமாக ஆயுள் முழுக்க வயலோடு கிடந்த அவனுடைய பெரியப்பா போனை வாங்கினார். திரையில் துருசு இருந்த இடத்தில் விரலை வைத்து, வாய்க்காலில் துருசு திறப்பதுபோல வட்டமாகச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. திறக்கவில்லை. “தட்டுங்கோ பெரியப்பா” என்று பொடியன் வாயெடுக்க, நான் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரியவர் போனை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “கறள் பிடிச்சிட்டுது போல” என்றார். அடுத்த கிழமை அந்தத் துருசு சுற்றினால் திறந்தது. பாதி சுற்றினால் பாதித் தண்ணீர். விளையாட்டுக்கு உயிர் வந்ததே அதில்தான். பெரியவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அவருடைய விரலைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் மருந்து எழுதிக் கொடுக்க வேண்டாம், எங்கே நோகிறது என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் சனத்திடம் போனைக் கொடுத்தால் உடனே “யானை ஒன்று விடு, மழையைக் கூட்டு” என்பார்கள். யானை விடச் சொல்கிறவர் உண்மையில் சொல்வது, “இதில் எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை” என்பதைத்தான். அந்த வசனத்தைச் சொன்னால் போதும். யானையா, வெள்ளமா, பக்கத்து வயற்காரனின் சண்டையா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

பெட்டி, குச்சி என்று படத்தைப் பற்றி இப்போது வாய் திறக்க வேண்டாம். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். வடிவாக இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு. மத்தியான வெயிலில், கீறல் விழுந்த திரையோடு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்த போனில் பாருங்கள். எழுத்து வாசிக்க முடிகிறதா? கண்ணாடி போடாமல்? காய்ந்த வயல் சிவப்பு, தண்ணீர் கண்ட வயல் பச்சை என்று வைத்திருக்கிறானா? ஆண்களில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. அவர்களுக்கு இரண்டு வயலும் ஒன்றுதான். அவர்கள் அதைச் சொல்லவும் மாட்டார்கள், விளையாட்டு விளங்கவில்லை என்று போய்விடுவார்கள். வயலில் ஒரு வெடிப்புக் கோடு கீறிவிட்டால் தீரும் விசயம். இதைப் “பெயின்ற்” என்று தள்ளிவைக்கக்கூடாது. இது வாசல் எந்தப் பக்கம் என்பதைப் போன்றது.

சரி, அந்த 35,000. நம்பக்கூடிய சோதனை அறிக்கை எழுதுகிற ஆட்கள் முதலில் கேட்பது, “உனக்கு என்ன தெரிய வேண்டும்?” என்று. எனக்குத் தெரிந்த இடைத்தரகர்கள் முதலில் கேட்பது புரொஜெக்ட் ஃபோல்டரை, அதாவது விளையாட்டைச் செய்த மூலக் கோப்புகள் முழுவதையும். கொடுக்கவே வேண்டாம். போனில் ஏற்றுகிற ஏபிகே கோப்பு அரிசி மாதிரி, யாருக்கும் கொடுக்கலாம். புரொஜெக்ட் ஃபோல்டர் விதைநெல். “உன் யோசனையைப் பதிவுசெய்து தருகிறேன்” என்று இன்னொரு கூட்டம் வரும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. வெறும் யோசனைக்கோ பதிப்புரிமை கிடையவே கிடையாது. பிறகு எதற்குக் காசு?

இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுவது விதிகள்தான். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர் 25 டொலர் கட்டினால் மட்டும் போதாது. எல்லோருக்கும் வெளியிட முன்னர் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். 2023இல் விதி வந்தபோது 20 பேர், 2024 டிசம்பரில்தான் 12 ஆக்கினார்கள். தரம் கூடட்டும் என்று வைத்தது, சோதிக்கிற ஆட்களைக் காசுக்கு விற்கும் கடையாக முடிந்தது. விற்கப்படும் 12 பேரும் ஏற்றிவிட்டுத் திறக்காமலே இருப்பார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கூகுள் கேட்கும்போது பொடியன் முழிக்க வேண்டியதுதான். உங்கள் தெருவிலேயே 12 பேர் இல்லையா? விளையாட்டுச் செய்யச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் வகுப்புகளும் திறம் இல்லை. நான் நடுவராக உட்கார்ந்த ஒரு போட்டியில் படத்துக்குப் புள்ளி, அறிக்கைக்குப் புள்ளி, ஸ்பைரல் பைண்டிங்குக்குக்கூட ஒரு முகச்சுளிப்பு இருந்தது. யாரையாவது விளையாடவிட்டுப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி இல்லை.

முதல் மாதிரிக்கு 12 பேரும் வேண்டாம், நாலைந்து பேர் போதும். முதல் மூவர் தடக்குப்பட்ட இடத்திலேயே மற்றவர்களும் விழுவதை நீங்களே காண்பீர்கள். விளையாடும்போது மருமகன் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. இன்னொரு போனால் விரல்களை மட்டும் படம் பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்று இரவே அவனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், அந்த இரண்டாவது நிமிடத்தை அப்படியே சொல்லி. அனுப்ப முதல் உங்கள் போனில் இருப்பது எத்தனையாவது பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன கிழமையே திருத்திவிட்ட துருசைப் பற்றி இரண்டு பேர் மணிக்கணக்காகக் கதைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.