ரஷ்யாவில் 1861-லேயே பண்ணையடிமை முறை ஒழிந்துவிட்டதே, அப்புறமும் விவசாயிகள் ஏன் கடனில் கிடந்தார்கள்?

பண்ணையடிமை என்றால் நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட விவசாயி. ஊரைவிட்டுப் போக, கல்யாணம் செய்ய, எல்லாவற்றுக்கும் நிலப்பிரபுவின் சம்மதம் வேண்டும்; அவர் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அல்லது பணமாகக் கட்ட வேண்டும். இப்படிச் சுமார் 2.3 கோடிப் பேர் இருந்தார்கள்.

1850-களில் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி கூட்டணியிடம் கிரிமியப் போரில் அடிவாங்கிய பிறகுதான் நாடு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அரசுக்கு உறைத்தது. கீழிருந்து வெடிப்பதற்குள் மேலிருந்தே ஒழித்துவிடலாம் என்ற பயமும் சேர்ந்துகொள்ள, 1861-ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் சட்டம் போட்டார்.

சரி, சிக்கல் எங்கே? விடுதலை இலவசம், நிலம் இலவசமில்லை. தலைமுறை தலைமுறையாக நீங்களே பழுதுபார்த்துக் குடியிருந்த வீட்டில் இரண்டு அறையைக் குறைத்துக்கொண்டு, மீதியைச் சந்தை விலைக்கு மேல் உங்கள் தலையிலேயே கட்டி, அதற்கு வீட்டுக் கடனும் போட்டால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. விலையில் பெரும்பகுதியை அரசு கடன்பத்திரமாகப் பிரபுவுக்குக் கொடுத்துவிட்டது. விவசாயி அதை வட்டியோடு 49 வருஷம் தவணையாகக் கட்ட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் ஊரே பொறுப்பு என்பதால், ஊர்ச்சபை யாரையும் லேசில் வெளியே விடாது. பிரபுவின் வீட்டு வேலைக்காரர்களாக இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம், அவர்களுக்கு நிலமே கிடைக்கவில்லை. 1905 கிளர்ச்சிக்குப் பிறகுதான் அரசு பணிந்தது, 1907 முதல் தவணை ரத்தானது.

அப்புறம், பண்ணையடிமை முறையை ஒழித்தது 1917 புரட்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டப்படி 56 வருஷம் முன்பே போய்விட்டது, புரட்சியின்போது மிச்சமிருந்தது நிலம் யாருக்கு என்ற தகராறுதான்.